டிராக்கன்ஸ்பெர்க் மலையில் கூடாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கோவில் மண்டபத்திலும் கல்யாணப் பந்தியிலும் "மலைக்குப் போகலாம் என்றிருக்கிறோம்" என்று யாராவது பேச்செடுத்தால், அடுத்து வரும் கேள்விகள் அநேகமாக இவைதான். நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் தலைமுறைகளாக இருப்பவர்களும் கேட்கிறார்கள், சென்னையிலிருந்து வேலைக்கு வந்து ஓராண்டு ஆகாதவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

டிராக்கன்ஸ்பெர்க் என்றால் ஒரு மலையா, ஒரு பூங்காவா? எங்கே போய் இறங்குவது என்றே தெரியவில்லை.

அது நீண்ட மலைத்தொடர். டர்பன் இருக்கும் குவாசுலு-நடால் மாகாணப் பக்கச் சரிவில் சுமார் 2,40,000 ஹெக்டேர் நிலம் உக்கஹ்லாம்பா டிராக்கன்ஸ்பெர்க் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. 2000-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2013-இல் லெசோத்தோ நாட்டின் செஹ்லாபதெபே தேசியப் பூங்காவையும் சேர்த்து மலோட்டி-டிராக்கன்ஸ்பெர்க் என்று பெயரிட்டது. நம் பக்கத்தை நிர்வகிப்பது எசெம்வேலோ என்னும் மாகாண வனவிலங்கு அமைப்பு.

முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, பூங்காவுக்குள் ஒரு வாயிலிலிருந்து இன்னொரு வாயிலுக்குச் சாலை கிடையாது. ராயல் நடால், கதீட்ரல் பீக், மங்க்ஸ் கவுல், ஜயன்ட்ஸ் காசில் என்று ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனித்தனி வழி. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று திட்டம் போடுகிறவர்கள் பகல் முழுவதும் காரிலேயே இருப்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ராயல் நடால் தேசியப் பூங்கா. 1916-இல் தொடங்கிய பழைய பூங்கா அது. 1947-இல் பிரிட்டிஷ் அரச குடும்பம் வந்து தங்கிய பிறகே 'ராயல்' ஒட்டிக்கொண்டது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்தப் பூங்காவை மனத்தில் வைத்தே எழுதியவை.

டர்பனிலிருந்து காலையில் கிளம்பி இரவு வீட்டுக்கு வந்துவிடலாமா?

வரலாம், ஆனால் எதற்கு? ஒரு வழிக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர், மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர் சுங்கச்சாவடி தாண்டி, பிறகு விண்டர்ட்டன், பெர்க்வில் வழியாகப் போக வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள் ஹாரிஸ்மித் பக்கம் இறங்குவார்கள்.

கடைசி ஐம்பது, அறுபது கிலோமீட்டரை இருட்டில் ஓட்டாதீர்கள். குழிகள் உண்டு, மூடுபனி உண்டு, சாலை நடுவே படுத்திருக்கும் மாடுகள் உண்டு. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கிளம்புவதைவிடச் சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவது நல்லது. பூங்கா வாயிலும் இரவில் மூடியிருக்கும்.

முன்பதிவு செய்யாமல் போனால் இடம் கிடைக்குமா?

சாதாரண வார நாளில் கிடைக்கும். ஈஸ்டர், டிசம்பர் விடுமுறை, நீண்ட வார இறுதி என்றால் மாதக்கணக்கில் முன்னதாகப் பதிய வேண்டும். ராயல் நடாலில் மஹாய், ரக்கட் க்ளென் என்று இரண்டு கூடாரத் திடல்கள். மஹாய் பெரியது, ஓடையை ஒட்டியது, நடைபாதைகள் அங்கிருந்தே தொடங்கும். கூடாரமே வேண்டாம் என்பவர்களுக்கு மேலே தெண்டெலே குடில்கள் இருக்கின்றன. தங்கும் கட்டணம் தவிர, பூங்கா நுழைவுக் கட்டணம் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கேட்பார்கள். பலர் அதை மறந்துவிட்டு வாயிலில் வாதாடுகிறார்கள்.

எந்த மாதம் நல்லது? வெயிலும் வேண்டாம், மழையும் வேண்டாம்.

அப்படியானால் ஏப்ரல், மே. மழை ஓய்ந்து, ஓடைகளில் தண்ணீர் மிச்சமிருக்கும் காலம் அது. புல் பொன்னிறமாக மாறத் தொடங்கியிருக்கும், காலையில் வானம் துல்லியமாக இருக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை மலை பச்சைப்பசேல் என்று அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலான பிற்பகல்களில் இடி மின்னலோடு மழை கொட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையில்லை. பகல் இதமாக இருந்தாலும் இரவில் கூடாரத்தின் மேல் உறைபனி படியும், வெப்பம் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கும். அது புல் காய்ந்து கிடக்கும் காட்டுத்தீக் காலமும்கூட. பூங்காக்காரர்களே தீத்தடுப்புக்காகக் கீற்றுக் கீற்றாகப் புல்லை எரித்து வைத்திருப்பார்கள். கருகிய மலையைப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள்.

செப்டம்பர் வந்துவிட்டால் குளிர் போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் கொட்டிய பனியில் வான் ரீனன் கணவாய் அருகே என்3 சாலையே மூடப்பட்டு, வண்டிகள் இரவு முழுவதும் சிக்கிக் கிடந்தன.

எங்கள் அப்பா, "அந்தப் பக்கம் நமக்கு இடமில்லை" என்கிறார். இப்போதும் அப்படித்தானா?

இல்லை. ஆனால் அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த சட்டம் 1953-இல் வந்தது, 1990-இல்தான் நீக்கப்பட்டது. கடற்கரை முதல் பூங்கா வரை எதில் நுழையலாம் என்பதைப் பலகைதான் தீர்மானித்தது. மலையின் மறுபக்கமான ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நிலைமை இன்னும் மோசம். 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, இந்தியர் அங்கே குடியேறுவதை 1980-களின் நடுப்பகுதி வரை தடுத்தார்கள். காரில் கடந்து போகலாம், தங்கக் கூடாது.

ஆகவே அந்தத் தலைமுறைக்கு மலை என்பது சாலையிலிருந்து பார்த்த நீலக் கோடுதான். கூடாரம் போடும் பழக்கம் வீட்டில் யாரிடமிருந்தும் வராததற்கு இதுவே காரணம், சோம்பலோ பயமோ அல்ல. இன்று யாரும் யாரையும் தடுப்பதில்லை. அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். வாயிலில் இருக்கும் சூலுக் காவலரிடம் "சவுபோனா" என்று முதல் வணக்கத்தை அவரே சொல்லட்டும்.

ஸ்வெட்டர் போதுமா, பெரிய குளிராடை வாங்க வேண்டுமா?

காசைக் குளிராடையில் கொட்டுவதற்கு முன் படுக்கையைப் பாருங்கள். இரவில் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். அடியில் தடிமனான பாய் இல்லாமல் மேலே மூன்று கம்பளி போர்த்தினாலும் தூக்கம் வராது.

உடையில் நம்மவர்கள் செய்யும் தவறு பருத்தி. டர்பன் வெக்கைக்குப் பருத்தியைப் போல் ஒன்று இல்லை. மலையில் அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். கம்பளியோ செயற்கை இழையோ அடுக்கடுக்காக அணிந்து, மேலே மழை புகாத சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கோடையானாலும் மழைச்சட்டை பையில் இருக்க வேண்டும்.

சிங்கம், சிறுத்தை வருமா?

சிங்கம் கிடையாது, யானையும் கிடையாது. சிறுத்தை மிக அரிது. பார்த்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஈலண்ட் என்னும் பெரிய மான், பாறை முயல், வானத்தில் தாடிக் கழுகு, இவைதான் இந்த மலையின் பிராணிகள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது பபூன் குரங்குகளைப் பற்றி. கூடாரத்தின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை, திறக்கப் பொறுமை இல்லையென்றால் கிழிப்பவை. ரொட்டி, வாழைப்பழம், முறுக்கு டப்பா எதையும் கூடாரத்தில் வைக்காதீர்கள், காரில் பூட்டுங்கள். பாவம் பார்த்து ஒரு துண்டு போட்டீர்களானால், அடுத்த வாரம் வரும் குடும்பம் அதற்கான விலையைக் கொடுக்கும்.

பாம்புகளில் பஃப் ஆடர் பாதையிலேயே படுத்திருக்கும், ஆள் வந்தாலும் நகராது. கால் வைக்கும் இடத்தைப் பார்த்து நடங்கள், கணுக்காலை மூடும் காலணி போடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டாம். ஆளை அசையவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மலேரியா மாத்திரை சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். இந்த நாட்டில் மலேரியா வடகிழக்குத் தாழ்நிலங்களில்தான். இங்கே புல்லில் உண்ணிகள் உண்டு. இரவில் குழந்தைகளின் கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரத்தைப் பார்த்துவிடுங்கள்.

போன முறை சோறு வேகவே இல்லை, பருப்பு கல்லாகவே இருந்தது. காஸ் அடுப்பு கோளாறா?

அடுப்பின் மேல் பழி போடாதீர்கள். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள கூடாரத் திடலில் 95 பாகை அளவில் கொதிக்கும், மூவாயிரம் மீட்டரில் 90. தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது, ஆவிதான் அதிகமாகும். மைசூர்ப் பருப்பு என்றால் சமாளிக்கலாம், துவரம்பருப்புக்கு நேரம் பிடிக்கும்.

சிறிய பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், யார் சிரித்தாலும் சரி. இல்லையென்றால் பருப்பைக் காலையிலேயே ஊறவைத்துவிடுங்கள். முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே புளிசாதமும் ரொட்டியும் கொண்டுவருவது புத்திசாலித்தனம். கூடாரம் கட்டி முடிப்பதற்குள் இருட்டிவிடும், அந்த நேரத்தில் வெங்காயம் நறுக்க யாருக்கும் மனம் வராது.

புரட்டாசியில் விரதம். பக்கத்துக் கூடாரத்தில் இறைச்சி சுடுவார்களே, என்ன செய்வது?

சுடுவார்கள். செப்டம்பர் 24 மரபு தினத்தை இந்த நாட்டில் பாதிப் பேர் 'பிரை தினம்', அதாவது இறைச்சி சுடும் நாள், என்றே கொண்டாடுகிறார்கள். அது சரியாகப் புரட்டாசியில் விழுகிறது. திடலின் ஓரத்தில், காற்று வரும் திசையில் இடம் கேளுங்கள். பொதுச் சுடுதட்டில் கொழுப்பு படிந்திருக்கும் என்பதால் சொந்த வலைத்தட்டு ஒன்று கொண்டுபோங்கள், சோளமும் கத்தரிக்காயும் அதில் அருமையாகச் சுடலாம். விரதம் முடிந்து ஐப்பசியில் போனால் இந்தத் தொல்லையே இல்லை என்பவர்களிடம் மழையைப் பற்றி மேலே சொன்னதை நினைவுபடுத்துகிறேன்.

ஆற்றங்கரையில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைக்கலாமா?

தண்ணீரைக் கண்டால் நமக்குக் கை கூப்பத் தோன்றும், தவறில்லை. ஆனால் கூடாரத் திடலில் அதற்கென்று கட்டிய அடுப்புகளைத் தவிர வேறு எங்கும் தீ மூட்டக் கூடாது. கற்பூரமும் ஊதுபத்தியும் தீதான். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் ஒரு சரிவே போய்விடும். தேங்காய், பழம், பூ எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். காரணம், மேலே சொன்ன குரங்குகள். நைலான் நூலில் கட்டிய மாலையை ஓடையில் விடுவதைப் பக்தி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தீபம் திடலின் அடுப்பருகே, கூப்பிய கை ஆற்றங்கரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது, முழங்கால் வலி. அவர் போய் என்ன பார்ப்பார்?

மிகச் சிறந்ததைப் பார்ப்பார். ஆம்ஃபிதியேட்டர் என்னும் அரைவட்டப் பாறைச் சுவர் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமும், செங்குத்தாக ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமும் கொண்டது. தெண்டெலே குடிலின் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அது முழுவதும் எதிரே நிற்கும். காலை வெயில் அதன் மேல் இறங்கி வருவதைப் பார்க்க நடக்கவே வேண்டாம். கொஞ்சம் நடக்க முடியுமென்றால் மஹாயிலிருந்து கேஸ்கேட்ஸ் என்னும் சிற்றருவிகள் வரை பாதை எளிது.

துகேலா அருவி உலகிலேயே உயரமானது என்றார்கள். போனோம், எதையும் காணவில்லையே?

குளிர்காலத்தில் போயிருப்பீர்கள். துகேலா ஐந்து தாவல்களாக 948 மீட்டர் விழுகிறது. வெனிசுவேலாவின் ஏஞ்சல் அருவிக்கு (979 மீட்டர்) அடுத்தது என்பது பழைய கணக்கு. இல்லை, 983 மீட்டர், ஆகவே இதுவே முதல் என்று வாதிடுவோரும் உண்டு. உயரம் எதுவானாலும் ஆறு அங்கேதான் பிறக்கிறது, நீர் குறைவு. வறண்ட மாதங்களில் பாறையில் ஈரக்கோடு மட்டும் தெரியும், சில சமயம் அது பனிக்கட்டியாக உறைந்திருக்கும். நல்ல மழைக்கு மறுநாள் காலை போனால் வெள்ளி நூலாகத் தெரியும்.

கீழிருந்து பார்க்கப் போகும் பாதைதான் துகேலா கோர்ஜ். போக வர 14 கிலோமீட்டர். முதல் பகுதி சமமாக, நிழலோடு போகும். கடைசியில் ஆற்றைக் கல் மாற்றிக் கல் தாண்ட வேண்டும். மேலே மழை பெய்தால் இங்கே தண்ணீர் சட்டென்று உயரும், ஆகவே கருமேகம் கண்டால் திரும்பிவிடுங்கள்.

சங்கிலி ஏணி ஏறினால் அருவியின் தலைக்கே போகலாமாமே? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் அது ராயல் நடால் வாயிலிலிருந்து அல்ல. மலையைச் சுற்றி ஃப்ரீ ஸ்டேட் பக்கம் புத்தடிஜாபா, விட்சீஸ்ஹூக் வழியாக சென்டினல் கார் நிறுத்தத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து வளைந்து ஏறும் பாதையின் முடிவில், பாறையில் தொங்கும் இரும்பு ஏணிகள் இரண்டு கட்டமாக வரும். மேலே போய்விட்டால் சமதளம்; அருவி பாறை விளிம்பைத் தாண்டி விழும் இடத்திலேயே நிற்கலாம். விளிம்பில் வேலி கிடையாது.

ஏணி ஆடும், காற்று அடிக்கும், குளிரில் இரும்பு கையைக் கடிக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட, உயரத்துக்கு அஞ்சாத பிள்ளை பெரியவர் ஒருவர் கீழே பின்தொடர ஏறலாம் என்பது என் கருத்து. அஞ்சுகிற பிள்ளையை "ஒன்றும் ஆகாது" என்று தள்ளி ஏற்றாதீர்கள். இறங்குவது ஏறுவதைவிடக் கடினம். உச்சி மூவாயிரம் மீட்டருக்கு மேல் என்பதால் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். அதற்கு மருந்து கீழே இறங்குவதே. சென்டினல் சாலை மிக மோசம், வழியும் அவ்வப்போது மூடப்படுகிறது; கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள்.

மின்னல் எப்போதும் பிற்பகலில்தானே? மதியம் இரண்டுக்குள் இறங்கினால் போதாதா?

கோடையில் அது தாமதம். விடியும்போது கிளம்பி, நண்பகலுக்குள் முகட்டிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். பத்து மணிக்கே மேகம் கோபுரம் கோபுரமாக எழுந்தால் அன்றைக்கு உச்சி வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

திறந்த மலையில் மாட்டிக்கொண்டால் முகட்டையும் தனிமரத்தையும் ஓடையையும் விட்டு விலகுங்கள். கூட்டமாக நிற்காமல் ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, காலைச் சேர்த்துக் குந்துங்கள், படுக்கக் கூடாது. ஆழமில்லாத குகை வாய் பாதுகாப்பு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது தவறு. பாறையில் பாயும் மின்சாரம் அந்த வாயில்தான் தாவும். கூடாரமும் காப்பாற்றாது. திடலில் இருக்கும்போது இடித்தால் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள்.

குகையில் படுக்கலாம் என்கிறார்கள், ஓவியம் இருக்கும் குகையில் படுக்கக் கூடாது என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. மலையின் மேல்பகுதி சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைப் பாறை, அதன் அடியில் மணற்பாறை. மணற்பாறை அரிக்கப்பட்டு உண்டான குடைவுகளைத்தான் குகை என்கிறோம். அவற்றில் சிலவற்றைப் பதிவு செய்து இரவு தங்கலாம். ஓவியமுள்ள குகையில் தங்க அனுமதியில்லை.

அந்த ஓவியங்களை நாலாயிரம் ஆண்டுக் காலப் பரப்பில் இந்த மண்ணின் ஆதிக்குடிகளான சான் மக்கள் வரைந்தார்கள். ஏறத்தாழ அறுநூறு இடங்களில் முப்பத்தைந்தாயிரம் உருவங்கள். மங்கிய நிறம் தெளியட்டும் என்று தண்ணீர் தெளித்துப் படம் எடுத்தவர்களால் பல ஓவியங்கள் அழிந்தன. தொடவும் வேண்டாம், விரலிலுள்ள எண்ணெயே போதும் கெடுக்க. நிதானமாகப் பார்க்க ஜயன்ட்ஸ் காசிலின் மெயின் கேவ்ஸ் நல்ல இடம், வழிகாட்டி இருப்பார்.

உச்சியில் கூடாரம் போட்டு இரவு தங்க ஆசை. ஆபத்தா?

பழகாதவர்களுக்கு ஆபத்துதான். மூடுபனி இறங்கினால் பத்தடி தெரியாது, விளிம்போ பக்கத்தில். உச்சி லெசோத்தோ எல்லையை ஒட்டியது. நடையாளிகளின் கூடாரத்திலிருந்து பொருள்கள் திருடுபோனதும், சிலர் தாக்கப்பட்டதும் உண்டு. மூன்று பேருக்குக் குறையாமல், அந்த மலை தெரிந்த ஒருவருடன் மட்டுமே போங்கள். காலணியைக்கூட கூடாரத்துக்குள் வையுங்கள்.

வாயிலில் உள்ள மலைப் பதிவேட்டில் எந்த வழி, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று எழுதாமல் ஏறாதீர்கள். திரும்பியதும் கையெழுத்திட்டு வெளியேறுவது அதைவிட முக்கியம். வீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் ஆளை மலையில் தேடியிருக்கிறார்கள்.

சானி கணவாய் போக பாஸ்போர்ட் வேண்டுமா? நாங்கள் இந்தியக் குடிமக்கள்.

வேண்டும். தெற்கே அண்டர்பெர்க்கிலிருந்து ஏறும் அந்த மலைச்சாலை 2,870 மீட்டர் உயரத்தில் லெசோத்தோவில் முடிகிறது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி இல்லாவிட்டால் தென்னாப்பிரிக்கக் குடிநுழைவு அலுவலகத்தைத் தாண்டி விடமாட்டார்கள்; சுற்றுலா வண்டியில் இடம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் தென்னாப்பிரிக்க விசா ஒருமுறை நுழைவுக்கு மட்டும் என்றால் மேலே போய்விட்டுத் திரும்ப நுழைய முடியாது. லெசோத்தோவுக்குத் தனி விசா பற்றியும் கிளம்பும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கூடாரப் பயணத்தின் நடுவில் திடீரென்று "சானியையும் பார்த்துவிடலாம்" என்று கிளம்புகிறவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல் வருகிறது. ராயல் நடாலிலிருந்து அது பக்கத்திலும் இல்லை.

நடைபாதையில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது, போனில் சிக்னல் இல்லை. என்ன செய்வது?

பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, முகட்டில் சில இடங்களில் வரும். நால்வர் இருந்தால் ஒருவர் அடிபட்டவருடன் இருக்க, மற்ற இருவரும் சேர்ந்து உதவிக்குப் போகட்டும். அடிபட்டவரைத் தனியே விடாதீர்கள், போகிறவரும் தனியே போக வேண்டாம். இடத்தின் பெயர், கடைசியாகத் தாண்டிய ஓடை, நேரம், காயம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். பதற்றத்தில் வாயால் சொல்லும்போது பாதி மறந்துவிடும்.

சிக்னல் கிடைத்தால் கைபேசியில் 112, ஆம்புலன்ஸுக்கு 10177. பூங்கா அலுவலக எண்ணையும் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புக்கு வருகிறவர்களில் மலையேறும் சங்கத்தின் தன்னார்வலர்களும் இருப்பார்கள். அவர்களும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும், மூடுபனியில் ஹெலிகாப்டரும் பறக்காது. அதுவரை காத்திருக்கத் தேவையான மழைச்சட்டை, தலைவிளக்கு, வெல்லமோ சாக்லேட்டோ, ஒரு லிட்டர் தண்ணீர் ஆகியவை இரண்டு மணி நேர நடைக்கும் பையில் இருக்க வேண்டும்.